பாதி ஓட்டத்தில் வாட்ச் நின்றுபோனால்

2025 ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை. ஓடுவதற்காக ஷூ மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தவர்கள் பலர், உலகின் வெவ்வேறு ஊர்களில், அன்று ஒரே காட்சியைப் பார்த்தார்கள். கார்மின் வாட்ச்சில் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினார்கள். வாட்ச் ஜிபிஎஸ் சிக்னலைத் தேடத் தொடங்கியது. அடுத்த கணம் திரை இருண்டு, கம்பெனியின் நீல முக்கோணச் சின்னம் வந்து நின்றது. அணைந்து மீண்டும் உயிர் பெற்றாலும் அதே முக்கோணம்தான். ஃபீனிக்ஸ், எபிக்ஸ், ஃபோர்ரன்னர், வெனு எனப் பல வரிசை மாடல்களில் இதே கதை. கம்ப்யூட்டர்காரர்கள் விண்டோஸின் நீலத் திரையை ‘மரணத் திரை’ என்று கேலி செய்வது வழக்கம். ஓட்டக்காரர்கள் இதற்கு ‘மரண முக்கோணம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வாட்ச் வாங்கியவர்கள் அன்று எந்தத் தப்பும் செய்யவில்லை. கீழே போடவில்லை, தண்ணீரில் முக்கவில்லை, கண்ட ஆப்பையும் ஏற்றவில்லை. கெட்டுப்போன ஒரு ஜிபிஎஸ் தரவுக் கோப்புதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. போன் வழியாகச் சத்தமில்லாமல் வாட்ச்சுக்குள் வந்து உட்கார்ந்த கோப்பு அது.

அப்படி ஒரு கோப்பு வாட்ச்சுக்குள் ஏன் வர வேண்டும்? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ‘நான் இப்போது இங்கே இருக்கிறேன், நேரம் இது’ என்று ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகிறது. ஆனால் சொல்லும் வேகம் விநாடிக்கு 50 பிட் மட்டும். ஒரு செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை ஒருமுறை முழுதாகச் சொல்லி முடிக்க 30 விநாடி ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய தோராயமான அட்டவணையை முழுதாக வாங்க வேண்டுமென்றால் பன்னிரண்டரை நிமிடம். அதிகாலை ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் கையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு நேரம் யார் நிற்பார்கள்? அதனால்தான் அடுத்த சில நாட்களுக்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து, ஒரு பஞ்சாங்கம் போலக் கோப்பாக்கி, கம்பெனிகள் போன் வழியாக வாட்ச்சுக்கு அனுப்பிவிடுகின்றன. வாட்ச் அதைப் பார்த்து, வானத்தில் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. சில விநாடிகளில் சிக்னல் கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

அந்தப் பஞ்சாங்கத்தில் பிழை வந்தபோது வாட்ச் ‘இது சரியில்லை’ என்று ஒதுக்கிவிட்டு, மெதுவாகவாவது வானத்திலிருந்தே தகவலை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. படிக்கப் போய் விழுந்தது, அதாவது கிராஷ் ஆனது. எழுந்ததும் மறுபடி அதே கோப்பைப் படிக்கப் போய் மறுபடி விழுந்தது. வெளியிலிருந்து வரும் எதையும் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பது மென்பொருள் எழுதுபவர்களின் பாலபாடம். 1989-ல் தொடங்கி, ஜிபிஎஸ்ஸையே தொழிலாகக் கொண்ட ஒரு கம்பெனிக்கு இது பெருமை சேர்க்கும் சம்பவம் அல்ல. வாட்ச்சை அணைத்து, மறுபடி ஆன் செய்து, கார்மின் கனெக்ட் ஆப்போடு இணைத்து ‘சிங்க்’ செய்தால் நல்ல கோப்பு வந்துவிடும் என்று கம்பெனி சொன்னது. அதற்கும் மசியாத வாட்ச்களுக்குக் கடைசி மருந்து ஃபேக்டரி ரீசெட். அந்த மருந்தில்தான் ஆபத்து இருக்கிறது. ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

எல்லா நாளும் இப்படி உலகம் முழுக்க வாட்ச்கள் விழுவதில்லை. சாதாரணமாக நடப்பது தனி மனிதத் துயரம். பதினெட்டாவது கிலோமீட்டரில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் திரை உறைந்து கிடக்கும், அல்லது கம்பெனி பெயர் மின்னிக்கொண்டிருக்கும். ஓட்டக்காரர் வாயில் முதலில் வருவது ‘ஹேங் ஆயிடுச்சு’.

ஆனால் நின்றுபோனதெல்லாம் ஹேங் அல்ல. தொடுதிரை வாட்ச்களில் மழைத்துளியும் வியர்வையில் ஊறிய சட்டைக் கையும் விரலாக வேடம் போட்டு ‘பாஸ்’ பட்டனை அமுக்கிவிடும். போக்குவரத்துச் சிக்னலில் நின்றபோது தானாக நிறுத்தும் ‘ஆட்டோ பாஸ்’ சில நேரம் மறுபடி தொடங்காமல் இருந்துவிடும். பழைய பேட்டரி இன்னொரு வகை. 20 சதவீதம் காட்டிக்கொண்டே இருக்கும். பிரகாசமான திரை, ஜிபிஎஸ், புளூடூத் இயர்போனில் பாட்டு எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கி அணைந்துபோகும். சார்ஜரில் வைத்தால் ஒன்றும் நடக்காதது போல எழுந்து உட்காரும். வெயிலும் கணக்கில் உண்டு. ஆப்பிள் வாட்ச்சின் சாதாரண மாடல்களுக்கு கம்பெனியே குறிப்பிடும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 0 முதல் 35 டிகிரி செல்சியஸ். சென்னையிலும் வேலூரிலும் மே மாதப் பகலில் அந்த வரம்பு எளிதாகத் தாண்டிப்போய்விடும். ஓடப் போகும் முன் வாட்ச்சை வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போவது நல்லதல்ல.

இவை எதுவும் இல்லையென்றால்தான் மென்பொருள் மீது சந்தேகம் போக வேண்டும்.

மணிக்கட்டில் இருப்பது கடிகார வேடம் போட்ட கம்ப்யூட்டர். ஓட்டத்தின்போது அது செய்யும் வேலைகளை எண்ணிப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். செயற்கைக்கோளைக் கேட்க வேண்டும். தோலுக்கு மேல் பச்சை விளக்கு அடித்து நாடித் துடிப்பை எண்ண வேண்டும். கையாட்டலிலிருந்து காலடியைக் கணக்கிட வேண்டும். மார்புப் பட்டையோடு பேச வேண்டும், வரைபடம் காட்ட வேண்டும், வாட்ஸ்அப் வந்தால் அதிர வேண்டும். இத்தனையையும், பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் வாட்ச்களில், ஸ்மார்ட்போனோடு ஒப்பிட்டால் ஒரு துளி என்று சொல்லக்கூடிய நினைவகத்தை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். ஏதோ ஒரு வேலை தான் எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்தால் அரை மணி ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. நாலு மணி நேர மாரத்தானில் அந்த மறதி சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் இடமில்லாமல் போகும். நீண்ட ஓட்டத்தில் மட்டும் கிராஷ் ஆகும் வாட்ச்களின் பின்னணியில் பல சமயம் இருப்பது இதுதான்.

உறைந்துபோன வாட்ச் தானாகவே ரீஸ்டார்ட் ஆவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். உண்மையில் அது காவல் ஏற்பாடு. உள்ளே ஒரு தனி டைமர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், பொறியாளர்கள் அதைக் காவல்நாய் என்கிறார்கள். முதன்மை மென்பொருள் குறித்த நேரத்துக்குள் ‘இருக்கிறேன்’ என்று அதற்குக் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால், உள்ளே ஏதோ மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்து மொத்தத்தையும் அணைத்து ஆன் செய்துவிடும். இதில் பிரபலமான கதை செவ்வாய் கிரகத்தில் நடந்தது. 1997 ஜூலை 4-ல் அங்கே இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர், சில நாட்களில் மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. முக்கியமான ஒரு வேலைக்குத் தேவைப்பட்ட பொதுவளத்தை, முக்கியமில்லாத வானிலை வேலை ஒன்று கையில் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவில் வந்த வேறு வேலைகள் அதை விடவும் விடாமல் தடுத்தன. காத்திருந்து காத்திருந்து காவல் டைமர் மொத்தத்தையும் ரீஸ்டார்ட் செய்தது. பொறியாளர்கள் பூமியில் இருந்த நகலில் அதே பிழையை வரவழைத்துப் பார்த்து, திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பிச் சரிசெய்தார்கள். நாசாவுக்கே நடந்தது என்று வாட்ச் கம்பெனிகளை மன்னித்துவிட வேண்டியதில்லை. எத்தனை நேர்த்தியாக எழுதினாலும் இந்த வகைப் பிழை ஒளிந்துகொள்ளும் என்பதற்குத்தான் இந்தக் கதை.

இனி, ஓட்டக்காரருக்கு உண்மையில் வலிக்கும் கேள்வி. அதுவரை ஓடிய பதினெட்டு கிலோமீட்டர் என்ன ஆனது?

பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது. இதை நம்பாமல் பதற்றத்தில் கண்ட பட்டனையும் அமுக்குவதால்தான் பல ஓட்டங்கள் உண்மையாகவே அழிகின்றன.

ஓடி முடித்து ‘சேவ்’ கொடுத்த பிறகுதான் பதிவு உருவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஸ்டார்ட் அழுத்தியதுமே ஒரு கோப்பு திறக்கப்படுகிறது. கார்மின் உருவாக்கி, இன்று பல கம்பெனிகளும் பயன்படுத்தும் ‘ஃபிட்’ வகைக் கோப்பை எடுத்துக்கொள்ளலாம். அதன் தலைப்பகுதி வழக்கமாக 14 பைட். இது ஃபிட் கோப்புதான் என்ற அடையாளமும், பின்னால் எவ்வளவு தரவு இருக்கிறது என்ற எண்ணும் அதில் இருக்கும். அதன் பின்னே வரிசையாகப் பதிவுகள்: இந்த விநாடியில் இந்த இடம், இந்த வேகம், இந்த நாடித் துடிப்பு. நேரம்கூட வேடிக்கையான கணக்கு. 1989 டிசம்பர் 31-லிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணி எழுதுகிறது வாட்ச். ஓட்டம் முடிந்து சேவ் செய்யும்போது மொத்தத் தூரம், சராசரி வேகம் போன்ற சுருக்கத்தைக் கடைசியில் சேர்த்து, தலைப்பில் உள்ள எண்ணைச் சரியாக நிரப்பி, கோப்பு பழுதில்லை என்று சோதிப்பதற்கான இரண்டு பைட் கணக்கை முத்திரையாக வைத்து மூடுகிறது.

நடுவில் வாட்ச் விழுந்தால் நடக்காமல் போவது இந்த மூடும் சடங்குதான். அதனால் அந்தக் கோப்பை, ஓட்டங்களைப் பகிரும் ஸ்ட்ராவா தளத்தில் ஏற்றினால் ‘பழுதான கோப்பு’ என்று திருப்பி அனுப்பிவிடும். ஆனால் நடுவில் உள்ள பதிவுகள் அப்படியே இருக்கும். நினைவகத்தில் சேர்த்துவைத்து அவ்வப்போது எழுதும் வாட்ச்களில் கடைசிச் சில விநாடிகளோ சற்றுக் கூடுதலோ போயிருக்கும். அவ்வளவுதான் இழப்பு.

எனவே முதல் வேலை, வாட்ச்சை நிதானமாக எழுப்புவது. பெரும்பாலான கார்மின் வாட்ச்களில் இடப்பக்க மேல் பட்டனை, அதாவது விளக்கு எரியும் பட்டனை, பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். சில மாடல்களில் இன்னும் சற்று நேரம் பிடிக்க வேண்டும். ஆப்பிள் வாட்ச்சில் பக்கப் பட்டனையும் திருகும் கிரவுனையும் சேர்த்துக் குறைந்தது பத்து விநாடி பிடிக்க வேண்டும், சின்னம் தெரிந்ததும் விட்டுவிடலாம். இதில் எதுவும் ஏற்கெனவே எழுதிய பதிவை அழிக்காது. எழுந்ததும் முதலில் ஹிஸ்டரியைப் பார்ப்பது நல்லது. பல சமயம் அதுவரை ஓடியதை வாட்ச்சே மூடிச் சேர்த்துவைத்திருக்கும். ஆப்பிள் வாட்ச்சில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு 2018-லிருந்து இருக்கிறது. உடற்பயிற்சி ஆப் நடுவில் விழுந்தால் வாட்ச் அதை மறுபடி திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லும். அந்த வசதியை ஆப் எழுதியவர் பயன்படுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹிஸ்டரியில் இல்லையென்றால் வீட்டுக்கு வந்து யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும். கார்மினில் ‘கார்மின்’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘ஆக்டிவிட்டி’ என்று இன்னொன்று. அங்கே ஒவ்வொரு ஓட்டமும் ஒரு கோப்பு. புதிய மாடல்களில் தேதியும் நேரமுமே பெயர். அன்றைய தேதியில், காலை ஓட்டம் தொடங்கிய நேரத்தோடு ஒரு கோப்பு இருந்து, அதன் அளவு பூஜ்யமாக இல்லாவிட்டால் ஓட்டம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மேக் வைத்திருப்பவர்களுக்குப் புதிய வாட்ச்கள் நேராகத் தெரியாது, கோப்பு மாற்றும் மென்பொருள் ஒன்று தனியாக வேண்டும். கோப்பைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துக்கொண்டு, நகலில் மட்டும் கை வைக்க வேண்டும். பழுதான ஃபிட் கோப்பைச் சரிசெய்யும் மென்பொருள்கள் உண்டு. அறுந்த கடைசிப் பதிவை வெட்டி, தலைப்பை நிரப்பி, சுருக்கத்தைக் கணக்கிட்டு, மூடித் தருவதுதான் அவை செய்யும் வேலை. வாட்ச் விழுந்த பிறகு புதிதாக ஆரம்பித்து மீதியை ஓடியிருந்தால், இரண்டு துண்டையும் ஒட்டித் தர ஃபிட் ஃபைல் டூல்ஸ் போன்ற தளங்கள் இருக்கின்றன. ஒட்டிய இடத்தில் வரைபடத்தில் ஒரு நேர்கோடு விழும். வீடுகளைத் துளைத்துக்கொண்டு ஓடியது போல இருக்கும், பரவாயில்லை.

அந்தக் கோப்பில் ஓடியவரின் வீட்டு வாசல்வரை எல்லாம் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2018 ஜனவரியில், பயனர்கள் ஓடிய பாதைகளைக் காட்டும் ஸ்ட்ராவாவின் உலக வரைபடத்திலிருந்து ராணுவ முகாம்களின் அமைப்பே வெளியே தெரிந்து பெரிய பரபரப்பானது. முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவதைவிட, கம்ப்யூட்டரிலேயே இயங்கும் மென்பொருள் நல்லது.

இப்போது ஃபேக்டரி ரீசெட் விஷயத்துக்கு வரலாம். அது மேலே சொன்ன ஃபோல்டரையும் சேர்த்துத் துடைத்துவிடும். சிங்க் ஆகாத ஓட்டம் உள்ளே இருந்தால் அதோடு கதை முடிந்தது. கார்மினின் ரீசெட் மெனுவில் அமைப்புகளை மட்டும் பழையபடி ஆக்குவது ஒன்று, தரவையும் சேர்த்து அழிப்பது இன்னொன்று என்று அடுத்தடுத்து இருக்கும். வியர்வை வழியும் கண்ணோடும் கோபத்தோடும் படித்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நீல முக்கோண நாளில் சிங்க் மட்டும் செய்தே மீண்டிருக்கக்கூடிய வாட்ச்சில் அவசரப்பட்டு ரீசெட் கொடுத்தவருக்குச் சிங்க் ஆகாத ஓட்டங்கள் போயிருக்கும். முதலில் சிங்க், முடியாவிட்டால் கேபிளில் கோப்புகளை நகலெடுப்பது, அதற்குப் பிறகுதான் ரீசெட்.

வாட்ச் எழுந்துவிட்டது, கோப்பும் கிடைத்துவிட்டது. மறுபடி விழாமல் இருக்க என்ன செய்வது? முதல் சந்தேகம் வெளியாட்கள் எழுதிய ஆப்கள் மீது. கார்மினின் கனெக்ட் ஐக்யூ கடையில் ஓட்டத் திரையில் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்னத் தரவுக் கட்டங்கள் ஏராளம். ஒன்று ஓட்டத்தின் சக்தியைக் காட்டும், இன்னொன்று முடிக்கும் நேரத்தைக் கணிக்கும். இவற்றை எழுதும் மொழிக்கு ‘மங்கி சி’ என்று பெயர், கம்பெனியில் யாருக்கோ குறும்பு. பழைய மாடல்களில் இந்தக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் தரப்படும் நினைவகம் சில பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். போன் கேமராவில் எடுக்கும் ஒரு படத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறு பங்குதான். வரம்பை மீறினால் அந்தக் கட்டத்தை மட்டும் வாட்ச் நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் ‘ஐக்யூ’ எழுத்தோடு ஓர் ஆச்சரியக்குறி காட்டும். ஓட்டப் பதிவு பொதுவாகத் தொடரும். அந்தக் குறியைப் பார்த்தவர்கள் குற்றவாளி யார் என்று தேட வேண்டியதில்லை. மொத்த வாட்ச்சும் விழுந்திருந்தால், கூடுதலாகச் சேர்த்த கட்டங்களையும் வாட்ச் முகங்களையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைப் பந்தயத்துக்கு முந்தின ராத்திரி செய்யாமல், சாதாரண ஓட்டங்களில் செய்வது உத்தமம்.

இங்கே ஒரு பழைய சம்பவத்தை நினைவுபடுத்தலாம். 2020 ஜூலை 23-ல் கார்மின் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைத் தாக்கி, தரவைப் பூட்டிப் பணம் கேட்டது ஒரு கும்பல். கார்மின் கனெக்ட் நாட்கணக்கில் முடங்கியது. விமானிகளுக்கான கம்பெனியின் சேவையும் நின்றது. 27-ம் தேதிதான் மெல்ல மீளத் தொடங்கியது. அத்தனை நாளும் வாட்ச்கள் வழக்கம்போல ஓட்டங்களைப் பதிந்துகொண்டுதான் இருந்தன. ஆப்பில் வராததால் ‘போச்சு’ என்று நினைத்தவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கேபிளை மாட்டி, அதே ஆக்டிவிட்டி ஃபோல்டரிலிருந்து கோப்பை எடுத்து நேராக ஸ்ட்ராவாவில் ஏற்றிவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் போனவர்கள். 2020-ல் கம்பெனி விழுந்தும் வாட்ச் விழவில்லை, 2025-ல் கம்பெனி அனுப்பிய கோப்பால் வாட்ச் விழுந்தது. இரண்டிலும் ஓட்டத்தைக் காப்பாற்றக் கேபிள் கைகொடுக்கும். வாட்ச் பெட்டியோடு வந்த அந்தக் கேபிளைச் சார்ஜ் ஏற்ற மட்டும் வைத்திருப்பவர்கள் அதிகம்.

அப்டேட் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. வந்த உடனே போட வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், ஓடும் வாட்ச்சைத் தொடாதே என்பவர்கள் மறுபக்கம். இரண்டுமே பாதி சரி. கிராஷுக்கான திருத்தம் அப்டேட்டில்தான் வரும். ஆனால் புதுப் பிழையும் அதில்தான் வரும். பெரிய பந்தயத்துக்கு முந்தின பத்து நாளில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவைத்து, அது முடிந்த திங்கட்கிழமை போட்டுக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. போட்ட பிறகு ஒருமுறை அணைத்து ஆன் செய்து, வீட்டைச் சுற்றி ஒரு சின்ன ஓட்டம் ஓடி, சேவ் செய்து பார்க்க வேண்டும். ஓட்டத்துக்கு முன் சிங்க் செய்து புதிய பஞ்சாங்கத்தை வாங்கிக்கொள்வதும், பாட்டும் வரைபடமும் நிரம்பி வழியும் நினைவகத்தில் கொஞ்சம் இடம் விடுவதும் இதோடு சேர்த்தி.

திரும்பத் திரும்ப விழும் வாட்ச்சைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதும்போது ‘அடிக்கடி ஹேங் ஆகுது’ என்றால் ரீசெட் செய்யச் சொல்லித்தான் பதில் வரும். மாடல், மென்பொருள் பதிப்பு எண், எந்த வகை உடற்பயிற்சி, தொடங்கி எத்தனை நிமிடத்தில், எந்த சென்சார் இணைந்திருந்தது, எந்தத் திரையில் நின்றது என்று எழுத வேண்டும். கார்மினில் வெளியார் ஆப் விழுந்தால் அதன் குறிப்பு ‘ஆப்ஸ்’ ஃபோல்டருக்குள் உள்ள ‘லாக்ஸ்’ ஃபோல்டரில் தானாகவே எழுதப்படும். அந்தக் கோப்பையும் ஆப் எழுதியவருக்கு அனுப்பினால், எந்த வரியில் விழுந்தது என்பதே அவருக்குத் தெரிந்துவிடும்.

பந்தயத்தின் நடுவிலேயே இது நடந்தால் கோப்பைத் தேட நேரமில்லை. நடந்துகொண்டே பட்டனை அழுத்திப் பிடித்து, வாட்ச் எழுந்தால் புதிதாக ஆரம்பிக்கலாம், எழாவிட்டால் விட்டுவிடலாம். பெரிய மாரத்தான்களில் நேரத்தை எடுப்பது நெஞ்சில் குத்திய எண் அட்டையிலோ ஷூவிலோ உள்ள சிப்தான். கோட்டைத் தாண்டிய நேரமும் வழியில் போட்டிருக்கும் சிப் உணரும் விரிப்புகளை மிதித்த நேரமும் அதில் பதிவாகும். முடிவுப் பட்டியல் வந்ததும் தூரத்தையும் நேரத்தையும் ஸ்ட்ராவாவில் கையால் பதிந்துகொள்ளலாம். வரைபடமும் நாடித் துடிப்பும் மட்டும் அதில் வராது.